எப்சிபா மேடமும் வியாழக்கிழமைப் புள்ளியும்

காலை ஒன்பதே முக்காலுக்கு எப்சிபா மேடத்தின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பஸ் தாமதம், அரை மணி நேரம் கழித்து வருகிறேன் என்று சொல்லத்தான் அவர் அந்த நேரத்தில் அழைப்பார். அதனால் போனை எடுத்தவுடனே, "பரவாயில்லை மேடம், மெதுவா வாங்க" என்றேன். மறுமுனையில் இருந்தது அவர் கணவர் ஞானதுரை சார். "எப்சி போயிட்டா முரளி" என்றார். சமையலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் போய்விட்டார். நாற்பத்தாறு வயதுதான்.

போனை வைத்த பிறகு நான் செய்தது எனக்கே புரியவில்லை. எழுந்து ஓடியிருக்க வேண்டும். நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, கையிலிருந்த கைபேசியில் ஒரு பட்டியலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் மாலை அவர் பார்த்துச் சொன்ன திருத்தம் அது. பக்கத்து நாற்காலிக்காரர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் அழுகை வந்தது.

நினைவுக் கூட்டத்தில் கொடுக்கப்போகும் இந்தச் சிறு மலருக்கு எழுதும்படி ஞானதுரை சார் கேட்டார். எப்சிபா மேடத்தைப் பற்றி நல்லது சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. அவருடைய சபையார் சொல்வார்கள், எங்கள் அலுவலகத்தார் சொல்வார்கள், குடவாசல் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் சொல்வார்கள். நான் எழுதுவதற்குக் காரணம் வேறு. கலியபெருமாள் ஐயாவின் அறுவடை விஷயத்தில் உங்கள் எல்லோருக்கும் தெரிந்தது பாதிதான். அந்தப் பாதியால் எனக்கு ஒரு நல்ல பெயர் கிடைத்தது. மீதியை நான்தான் சொல்ல வேண்டும் என்று மேடம் எதிர்பார்த்தார். அவர் இருக்கும்போது எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் தொழில் கைபேசிச் செயலி செய்வது. தஞ்சாவூரில் ஒரு மாடி. கீழே தையல் கடை, மேலே நாங்கள் ஏழு பேர். நான் செயலியை எழுதுகிறவன். அது சரியாக ஓடுகிறதா என்று சோதிப்பவர் எப்சிபா மேடம். நான் கட்டுவேன், அவர் உடைப்பார் என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் கணினி படித்துவிட்டு வந்தவர் அல்ல. மருந்துக் கடை கவுன்டரில் ஒன்பது வருடம் நின்றுவிட்டு, முப்பது வயதுக்கு மேல் தானாகவே இந்த வேலையைக் கற்றுக்கொண்டவர். "ரெண்டு மாத்திரை அட்டை ஒரே நிறத்துல இருந்தா கை தப்பாத்தான் போகும். கையைத் திட்டிப் பிரயோஜனமில்லை" என்பார். எங்களிடம் இருந்த பெரிய போன்களை அவர் தொடவே மாட்டார். மூலையில் விரிசல் விட்ட பழைய போன் ஒன்று வைத்திருந்தார், அதில்தான் எல்லாச் சோதனையும். உச்சி வெயிலில் அதை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பார். தம்ளர் தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டு வந்து திரையைத் தொடுவார். ஏன் மேடம் இந்தக் கூத்து என்று கேட்டால், நடவு வயலிலிருந்து வருகிற கை காய்ந்தா இருக்கும் என்று திருப்பிக் கேட்பார்.

நான் சொல்லப்போவது பட்டியலில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சின்ன விஷயம். நீங்கள் எல்லோரும் போனில் பார்த்திருப்பீர்கள். வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு வட்டம். ஒன்றைத் தொட்டால் அந்த வட்டத்துக்குள் புள்ளி விழும். வேறொன்றைத் தொட்டால் முதல் புள்ளி அழிந்து புதிய இடத்தில் விழும். எங்கள் தொழிலில் இதைவிடச் சுலபமான வேலை இல்லை என்று நான் நினைத்திருந்தேன். அரை நாளில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போகலாம். மேடம் அதற்காகவே என்னை வாரக் கணக்கில் பாடாய்ப் படுத்தியிருக்கிறார்.

முதல் சண்டை ஆத்தூர் கிச்சிலி என்ற நெல்லால் வந்தது. ஒரு விவசாயக் குழுவுக்காக, யார் என்ன நெல் போட்டிருக்கிறார்கள் என்று பதியும் செயலி ஒன்றைச் செய்தோம். நெல் ரகங்கள் நீளமாக வரும், அதில் ஒன்றைத் தொட வேண்டும். திரை வெறிச்சென்று இருக்கிறதே என்று முதல் வரியில் நானே ஒரு புள்ளியை வைத்துவிட்டேன். வேறு ரகம் போட்டவர்கள் மாற்றிக்கொள்வார்கள் என்பது என் கணக்கு. முதல் வாரத்துப் பதிவுகள் வந்தன. தாலுகாவில் பாதிப் பேர் ஆத்தூர் கிச்சிலி போட்டிருந்தார்கள். அந்தப் பட்டியலின் முதல் வரியில் நின்றது அதுதான். மேடம் தாளை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்து, தன் மாமனார் ஊரில் ஒரு வீடு விடாமல் ஆத்தூர் கிச்சிலியாம், கேட்டால் அவர்களே சந்தோஷப்படுவார்கள் என்றார். கேலி முடிந்ததும் குரல் மாறியது.

"அவங்க தொடாததுக்கு நீங்க புள்ளி வைக்காதீங்க முரளி. தொடலைன்னா தொடலைன்னே தெரியட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. மருந்துக் கடையிலிருந்து வந்தவர் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறாரே என்று நினைத்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு அந்த நினைப்பும் ஒரு காரணம்.

அடுத்த வருடம் அறுவடை மெஷின் பதியும் செயலி வந்தது. மெஷின் வைத்திருப்பவர்கள் சேர்ந்து கேட்டார்கள். தை பிறந்தால் சம்பா அறுப்புக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மெஷின் வேண்டும். யார் முந்தி என்று வருடா வருடம் சண்டை. இனிமேல் பதிந்தவர் வயலில் மட்டும்தான் மெஷின் இறங்கும் என்று அவர்கள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். செயலியில் ஊர்ப் பெயரைத் திறந்தால் மெஷின் வரும் நாட்கள் வரிசையாக வரும். வியாழன் காலை ஒரு வரி, வியாழன் மதியம் ஒரு வரி, இப்படியே இரண்டு வாரத்துக்கு. ஒவ்வொரு வரிக்கும் கீழே, அதில் ஏற்கெனவே பதிந்தவர்களின் பெயர்கள். ஒரு வரியைத் தொட்டு, 'உறுதி செய்' என்பதை அழுத்தினால் வேலை முடிந்தது.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அடுத்ததைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எல்லா வயலும் ரோட்டோரம் இருப்பதில்லை. உள்ளே இருக்கும் வயலுக்கு மெஷின் போக வேண்டுமென்றால், முதலில் ரோட்டோர வயலை அறுத்து, அதன் வழியாகத்தான் போக வேண்டும். நிற்கிற பயிரின் மேல் யாரும் மெஷினை ஓட்ட மாட்டார்கள். அதனால் முன்வயல்காரர் எடுக்கும் நாளைப் பார்த்துத்தான் உள்வயல்காரர்கள் நாள் எடுப்பார்கள்.

கலியபெருமாள் ஐயாவின் வயல் ரோட்டோரம். அவருக்கு உள்ளே ஒன்பது பேருக்கு வயல். வியாழன் காலை எடுக்கப் போகிறேன் என்று அவர் ஒன்பது பேரிடமும் சொல்லியிருந்தார். அதை நம்பி அவர்கள் வியாழன் மதியமும் வெள்ளியும் எடுத்தார்கள். அவரும் பதிந்தார். வியாழக்கிழமை மெஷின் வந்தபோது டிரைவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையில் இருந்தது. அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பதியாத வயலில் இறங்கக்கூடாது என்று டிரைவருக்குப் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மதியம் வந்த மெஷினும் வெள்ளிக்கிழமை வந்த மெஷினும் உள்ளே போக வழியில்லாமல் ரோட்டிலேயே நின்று திரும்பின. சனிக்கிழமை மழை பிடித்தது. செவ்வாய்க்கிழமை பயிர் முழுக்கச் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது, கதிரிலேயே நெல் முளை விட்டிருந்தது.

அதற்கு முந்தின வருடம் வாய்க்கால் தண்ணீர் விஷயத்தில் அவருக்கும் ராஜமாணிக்கம் என்ற உள்வயல்காரருக்கும் பேச்சு முற்றியிருந்ததாம். ஊர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தது. வியாழன் என்று வாயால் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே செவ்வாய்க்கு மாற்றி வழியை அடைத்துவிட்டார் என்று முடிவு கட்டியது. தன் நெல் அழிந்தாலும் சரி, அடுத்தவன் நெல் அழிய வேண்டும் என்று நினைக்கிற மனிதர் என்று அவருக்குப் பெயர் வந்தது. அந்த மாதம் அவர் பேத்திக்குக் காதுகுத்து. ஒன்பது வீட்டிலிருந்தும் ஒருவர்கூட வரவில்லை. சமைத்த சாப்பாடு அப்படியே கிடந்தது.

மறுநாள் அவர் தஞ்சாவூருக்கு பஸ் ஏறி எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தார். எங்கள் உரிமையாளரும் நானும் அவர் முன்னால் உட்கார்ந்தோம்.

"நெல்லு போனது போகட்டும் சார். நான் வியாழன்தான் போட்டேன்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க. ஊர்ல காட்டணும்" என்றார்.

நான் பதிவைத் திறந்து பார்த்தேன். செவ்வாய் என்றுதான் இருந்தது. கை தவறி மாற்றி அழுத்தியிருப்பீர்கள் ஐயா, பெரியவர்களுக்கு இது சகஜம் என்று சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப் போனதை இப்போதும் பார்க்க முடிகிறது. அப்போது மேடம் எழுந்து வந்து, நாற்காலியை அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அன்றைக்கு வீட்டில் எப்படி உட்கார்ந்து பதிந்தீர்களோ அதே மாதிரி ஒரு தடவை செய்து காட்டுங்கள், அவசரமில்லை என்றார்.

ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வியாழன் காலை என்ற வரியைத் தொட்டார், புள்ளி விழுந்தது. எங்கள் அலுவலகத்தில் யாராக இருந்தாலும் அடுத்ததாக 'உறுதி செய்' என்பதை அழுத்தியிருப்போம். அவர் அழுத்தவில்லை. விரலால் பட்டியலைத் தள்ளிக்கொண்டு கீழே போனார். எதற்குக் கீழே போகிறீர்கள் என்று மேடம் கேட்டார்.

"ராஜமாணிக்கமெல்லாம் எங்க போட்டிருக்காங்கன்னு பாக்கணும்லம்மா. நான் பாட்டுக்கு ஒரு நாளைப் போட்டுட்டு, அவங்களுக்கு வழியில்லாமப் போச்சுன்னா?"

அதைச் சொல்லிக்கொண்டே அவர் விரல் செவ்வாய்க்கிழமை வரிக்கு வந்தது. அங்கே அவர் வைக்காத ஒரு புள்ளி இருந்தது. அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது, எப்படி வந்ததென்று தெரியவில்லை, அழிக்கலாம் என்று தொட்டேன் என்று சொல்லி மறுபடியும் தொட்டுக் காட்டினார். திரும்ப மேலே போனார். வியாழனிலும் புள்ளி பத்திரமாக இருந்தது. திருப்தியாக 'உறுதி செய்' என்பதை அழுத்தினார். செவ்வாய் என்று பதிவானது. அவருக்குப் போன குறுஞ்செய்தியில் பதிவு எண் மட்டும்தான் இருந்தது, நாள் இல்லை. அதுவும் என் வேலைதான்.

நடந்தது இதுதான். நூறு வரிப் பட்டியல் என்றால் போன் நூறு வரியையும் செய்து வைப்பதில்லை. திரையில் தெரியும் அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு வரிகளை மட்டும் செய்து, மேலே மறைகிற வரியையே எடுத்து, பெயரை மாற்றிக் கீழே கொண்டுவந்து வைக்கும். எது தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைத் தனியாக ஓரிடத்தில் குறித்துவைத்து, ஒவ்வொரு வரி வரும்போதும் அதைக் கேட்டுப் புள்ளியை வைக்கவோ அழிக்கவோ வேண்டும். நான் புள்ளியை வரியிலேயே வைத்திருந்தேன். வியாழனின் வரி செவ்வாயாகக் கீழே வந்தபோது புள்ளியும் கூடவே வந்துவிட்டது. பொய்ப் புள்ளியை அழிக்க அவர் தொட்டதும் அதுவே நிஜத் தேர்வாகிவிட்டது. அடுத்தவருக்கு வழி இருக்கிறதா என்று பார்க்கக் கீழே போனதால்தான் அந்த மனிதருக்கு வழியை அடைத்தவர் என்ற பெயர் வந்தது.

அன்று மாலையே அதைத் திருத்தினேன். மேடம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தார். இடையில் யாராவது பதிந்து மேலே ஒரு வரி கூடினால் புள்ளி இடம் மாறுமா என்று கேட்டார். மாறும்தான், அதையும் திருத்தினேன். உறுதி செய்வதற்கு முன்னால், நீங்கள் எடுத்தது இன்ன கிழமை, இன்ன நேரம் என்று திரை எழுத்தில் சொல்ல வேண்டும் என்றார். "ஒண்ணுதான்னா ஒண்ணேதான் இருக்கணும். அது எதுன்னும் சொல்லணும்" என்பது அவர் பேச்சு.

ஐயாவுக்குக் கொடுக்க உரிமையாளர் ஒரு கடிதம் தயார் செய்தார். சிறு தொழில்நுட்பக் கோளாறு காரணமாக என்று ஆரம்பித்தது. மேடம் வாசித்துவிட்டு மேஜையில் வைத்தார்.

"கோளாறுன்னு எழுதிட்டா அது யாரோடதும் இல்லாமப் போயிடும் சார். ஊர்ல அவரைப் பேசினது மனுஷங்க. மனுஷங்கதான் போய்ச் சொல்லணும்."

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், கோயிலுக்குக் கட்டிய புடவையோடு அவர் நேராக பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டார். எனக்குப் போக விருப்பமில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அவர் எனக்கும் சேர்த்து பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டுத்தான் போன் செய்தார். ஐயாவின் ஊரில் பால் சங்கக் கட்டடத்தில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். கலியபெருமாள் ஐயா கடைசியில், சுவரோரம் நின்றார். உட்காரச் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை.

நான் எழுந்து வரி, பதிவு, திரை என்று ஏதோ பேசினேன். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மேடம் என் கையைத் தட்டி உட்காரச் சொல்லிவிட்டு, தானே பேசினார்.

"பந்தியில ஒருத்தர் சாப்பிட்டு எழுந்துட்டார். அந்த இலையை எடுக்காம அடுத்தவரைக் கொண்டாந்து உட்கார வைக்கிறோம். இலையைப் பார்த்துட்டு இவர்தான் சாப்பிட்டார்னு சொன்னா நியாயமா? இந்த ஆப்புல அதுதான் நடந்தது. ஐயா உட்கார்ந்தது வியாழக்கிழமையில. செவ்வாக்கிழமையில கிடந்தது எடுக்காத இலை."

ராஜமாணிக்கம் அண்ணன் எழுந்து, "இலையை எடுக்காதது யாரு?" என்று கேட்டார்.

மேடம் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது பேரும் காத்திருந்தார்கள்.

"நான்தான். ஐயா வியாழன்தான் போட்டாங்க. தப்பு என் பேர்ல" என்றேன்.

ராஜமாணிக்கம் அண்ணன் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. நேராகச் சுவரோரம் போய், "நாங்க பேசினது தப்புண்ணே" என்று ஐயாவின் கையைப் பிடித்தார். தங்களுக்கு வழி இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஐயா கீழே போனார் என்பதை மேடம் அப்போதுதான் சொன்னார். அந்த இடத்தில் ஐயா அழுதுவிட்டார். நெல் திரும்பி வராது, அதற்கு நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஆனால் அன்று மாலை ஒன்பது வீட்டுக்காரர்களும் அவர் வீட்டுக்குப் போய், காதுகுத்திய குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வந்தார்கள்.

உங்களில் பலருக்குத் தெரிந்தது இதுவரைக்கும்தான். இவ்வளவு தூரம் வந்து தப்பை ஒத்துக்கொண்டாரே, பெரிய மனசு என்று ஊரில் என்னைப் பாராட்டினார்கள். எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம்கூடக் கொடுத்து அனுப்பினார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் பழம் என் மடியில் இருந்தது. மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். குடவாசல் தாண்டியதும் என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் ஏன் அங்கே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டதற்குக் காரணம் இருந்தது. அந்தச் செயலி வெளியே போவதற்கு முன்பே அவர் இந்தப் பிழையைப் பிடித்துவிட்டார். விரிசல் விட்ட தன் போனில் பார்த்து, அறிக்கையாக எழுதி எனக்கு அனுப்பியிருந்தார். நான் என் போனில் எட்டு வரி மட்டுமே இருந்த மாதிரிப் பட்டியலை வைத்திருந்தேன். அதில் தள்ளிப் பார்க்கவே ஒன்றும் இல்லை. நீளமான பட்டியலில் ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்க்காமல், ஒரு வரி பதில் எழுதி அறிக்கையை மூடிவிட்டேன். பிறகு ஒரு நாள் அவர் நேரில் கேட்டபோதும் வேலை இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்றேன். அலுவலகத்தில் கலியபெருமாள் ஐயா விரலால் பட்டியலைத் தள்ளியபோதே மேடத்துக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உரிமையாளர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே என் வேலை போயிருக்கும். அவர் சொல்லவில்லை. ஊரிலும் சொல்லவில்லை.

"இன்னைக்கு அவருக்குப் பேர் திரும்பி வர்ற நாள். அதுல நம்ம ரெண்டு பேர் கதையைப் போட்டுக் குழப்ப வேண்டாம்னு நினைச்சேன். நானும் இன்னொரு தடவை எழுதியிருக்கணும், நீங்க கோபப்படுவீங்கன்னு விட்டுட்டேன். அது என் தப்பு" என்றார். கொஞ்ச தூரம் போனதும், என் மடியிலிருந்த பழத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆனா உங்களுக்கு வந்த அந்த நல்ல பேரை மட்டும் வச்சுக்காதீங்க முரளி."

நான் சரி என்றேன். நான்கு வருடம் வைத்திருந்தேன்.

அவர் அதை மறுபடி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். தினமும் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, என் வேலையை உடைத்து, திருத்தச் சொல்லி, மதியம் தன் டப்பாவிலிருந்து ஊறுகாயைப் பகிர்ந்துகொண்டார். என்னிடம் எந்தக் குறையும் இல்லாதவர் போலவே பழகினார். அந்த நான்கு வருடத்தில் நான் எழுதிய எந்தப் பட்டியலையும் அவர் கீழே தள்ளிப் பார்க்காமல் விட்டதில்லை. நானும் விட்டதில்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு அந்த ஊரிலிருந்து ஒரு வேன் வந்தது. கலியபெருமாள் ஐயாவும் ராஜமாணிக்கம் அண்ணனும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்திறங்கினார்கள். சபை ஐயர் ஜெபம் முடித்ததும், ஒவ்வொருவராக மண் எடுத்துப் போட்டோம். அப்போது ஐயா என் கையைப் பிடித்து ஞானதுரை சாரிடம் காட்டினார். "அம்மாவும் இந்தத் தம்பியும் இல்லைன்னா என் பேரு போயிருக்கும் சார். தப்பைத் தானா வந்து ஒத்துக்கிட்ட மனுஷன் இவரு" என்றார். ஞானதுரை சார் அந்த அழுகையிலும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். என் கையில் ஈர மண் ஒட்டியிருந்தது. சவப்பெட்டிக்கு எதிரே நின்றுகொண்டு அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஐயா, நான் தானாக வந்தவன் அல்ல. இழுத்துக்கொண்டு வரப்பட்டவன். ராஜமாணிக்கம் அண்ணே, உங்கள் ஊருக்கு அந்தச் செயலி வருவதற்கு முன்பே, அதில் இருந்த பிழை எனக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட்டிருந்தது. ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் உங்கள் பத்துப் பேர் நெல்லும் மழைக்கு முன்னால் வீடு வந்திருக்கும். எங்கள் உரிமையாளர் இதைப் படித்துவிட்டு எடுக்கும் முடிவு எதுவானாலும் எனக்குச் சம்மதம். நீங்கள் எனக்குக் கொடுத்த நல்ல பெயர் எப்சிபா மேடத்துடையது. அதைத் தாமதமாகத் திருப்பிக் கொடுக்கிறேன். அவர் கேட்கும்படி கொடுக்காமல் போனது என்னை உறுத்திக்கொண்டே இருக்கும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு தாள். மூடிய அந்த அறிக்கையைத் தேடியெடுத்து அச்செடுத்து, என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். மேலே அவர் எழுதியது: "ஒரு நாளைத் தொட்டுவிட்டுக் கீழே தள்ளிப் பார்த்தேன். நான் தொடாத இன்னொரு நாளிலும் புள்ளி இருக்கிறது. இதை நம்பித்தான் அறுப்பு வைப்பார்கள். தயவுசெய்து பாருங்கள்."

அதற்குக் கீழே, என் பெயர் போட்டு, நான் எழுதியது: "ஒன்றை எடுத்த பிறகு யாரும் கீழே போய்ப் பார்க்க மாட்டார்கள்."